குளத்தங்கரையில் கிடந்தவருக்குச் சோறு போட்டது யார்?

எனக்குப் பக்கவாதம் வந்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பஸ் ஓட்டும்போது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆகவே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றும் சொன்னார்கள். நானும் சொன்னேன். வாய் கொஞ்சம் கோணியிருந்ததால் எனக்கு அது ‘தோத்தியம்’ என்று வந்தது. யாரும் திருத்தவில்லை.

தென்காசி - சுரண்டை ரூட்டில் பல வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் நான். வலது கையும் வலது காலும் ஒரே காலையில் போய்விட்டதால், ரிட்டயர்மெண்டுக்கு முன்பே வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. வீடு மேலகரத்தில். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இங்கே நானும் என் மனைவியும்தான். அவளுக்கு அங்கன்வாடியில் வேலை. காலையில் என்னைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, முன்னறையில் கைவைத்த மர நாற்காலியில் உட்காரவைப்பாள். பக்கத்து ஸ்டூலில் தண்ணீர், மாத்திரை, வேதப்புத்தகம், டிவி ரிமோட் நான்கையும் இடது கைக்கு எட்டும்படி வைப்பாள். பிறகு கதவைச் சும்மா சாத்திவிட்டு வேலைக்குப் போவாள். பூட்ட மாட்டாள். யாராவது வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தார்கள். எங்கள் சபையில் ஒருவர் படுத்துவிட்டால் அவரைச் சும்மா விடுவதில்லை. ஆராதனை நடத்தும் உபதேசியார் வருவார். பெண்கள் ஐக்கியத்திலிருந்து வருவார்கள். ரிட்டயர்டான தலைமையாசிரியர் ஒருவர் புதன்கிழமை தோறும் வருவார். உட்கார்ந்து, ஒரு பகுதி வாசித்து, ஜெபம் பண்ணி, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் வாசித்தது ஒரே கதை.

எருசலேமில் பெதஸ்தா என்று ஒரு குளம். அந்தத் தண்ணீர் எப்போதாவது கலங்கும். கலங்கியதும் முதலில் இறங்குகிற ஆளுக்கு எந்த வியாதியும் போய்விடும். இரண்டாவதாக இறங்குகிறவருக்குக் குளித்த பலன் மட்டும்தான். அதனால் கரை முழுக்க நோயாளிகள் படுத்துக் காத்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு முப்பத்தெட்டு வருஷ வியாதி. இயேசு அவரிடம், குணமாக உனக்கு விருப்பமா என்று கேட்கிறார். அவர், தண்ணீர் கலங்கும்போது என்னை இறக்கிவிட ஒருவரும் இல்லை, நான் போவதற்குள் வேறு ஒருவர் இறங்கிவிடுகிறார் என்கிறார். எழுந்து படுக்கையை எடுத்துக்கொண்டு நட என்கிறார் இயேசு. அவர் நடந்துவிடுகிறார்.

முப்பத்தெட்டு வருஷம் என்கிற இடத்தில் எல்லாரும் குரலை அழுத்துவார்கள். எனக்கு அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணக்குப் பார்த்தால் நான் நடக்கும்போது எனக்குத் தொண்ணூறு வயசு தாண்டியிருக்கும். உபதேசியார் இந்தக் கதையிலிருந்து பொறுமை என்ற பாடத்தை எடுத்தார். பெண்கள் ஐக்கியம் விசுவாசம் என்றது. தலைமையாசிரியர் மட்டும் சுயமுயற்சி என்றார். சொல்லிவிட்டு, எழுந்திருப்பதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மூட்டு வலி.

நான் அந்த ஆளின் பக்கம் இருந்தேன். அவர் சொன்னது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. சீசன் நேரத்தில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் ஸ்பெஷலை ஓரம் கட்டியிருக்கிறேன். வண்டி நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழும். துண்டு போட ஆள் இல்லாதவர்கள் கடைசியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆளில்லாதவருக்கு இடமில்லை என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. ஆகவே வாசிப்பு முடிந்ததும், “ஆமா, நமக்குன்னு யாரு இருக்கா” என்பேன். வந்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். மாலை நேரமாக இருந்தால் என் மனைவி அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுப்பாள்.

வாரத்துக்கு இரண்டு தடவை தென்காசியிலிருந்து ஒரு பிசியோதெரபி பெண் ஸ்கூட்டியில் வருவாள். என் மகளைவிடச் சின்னவள். ஒருநாள் என் வலது காலை மடக்கி நீட்டிக்கொண்டே கேட்டாள்.

“அங்கிள், நடக்கணும்னு ஆசை இருக்கா?”

“வாசப்படி உசரமா இருக்கும்மா. தரையில டைல்ஸ் வேற போட்டுட்டோம், வழுக்குது. செருப்பு கால்ல நிக்க மாட்டேங்குது. ரோட்டுல இறங்குனா நாய்.”

அவள் என் காலைக் கீழே வைத்துவிட்டு, “நான் கேட்டது அது இல்ல அங்கிள்” என்றாள். பிறகு மறுபடியும் மடக்கினாள்.

எனக்கு லேசாகக் கோபம் வந்தது. நாய் இருப்பது உண்மைதானே.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பாய் இருக்கிறார். சவுதியில் பெரிய ட்ரெய்லர் ஓட்டியவர். போதும் என்று திரும்பி வந்து இங்கே ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். நாங்கள் இருவரும் ஒரே தொழில் என்பதால் பேச்சுக்குக் குறைவில்லை. பாலைவன ரோட்டில் தூக்கம் வராமல் இருக்க என்ன செய்வது என்று அவர் சொல்வார். சுரண்டை ரோட்டில் ஆட்டு மந்தைக்குள் பஸ்ஸை எப்படி நகர்த்துவது என்று நான் சொல்வேன். அவர் எனக்காக ஜெபம் எதுவும் பண்ணவில்லை. பண்ணியிருந்தாலும் என்னிடம் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை தலைமையாசிரியர் வந்தார். புதன்கிழமை வர முடியாததால் அன்று வந்ததாகச் சொல்லி, அதே கதையை வாசித்துவிட்டுப் போனார். அவர் வெளியே போக, பாய் உள்ளே வந்தார். விடுமுறை நாள் என்பதால் என் மனைவி வீட்டில் இருந்தாள். சமையலறையில் மீன் கழுவும் சத்தம் கேட்டது.

“தெனமும் ஆளுக வந்து எதையோ வாசிச்சிட்டுப் போறாவளே, என்னதான் அது அண்ணாச்சி?”

நான் கதையைச் சொன்னேன். அதற்குள் எனக்கு அது மனப்பாடம். பாய் கவனமாகக் கேட்டார்.

“இயேசுவ நாங்க ஈஸா நபின்னு சொல்லுவோம். அவர் நோயாளிகளக் குணமாக்குனது எங்களுக்கும் உண்டு. ஆனா இந்தக் குளத்துக் கதை நான் கேட்டதில்ல.” நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “ஒரு சந்தேகம். கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீயளே?”

“கேளுங்க பாய்.”

“அந்த மனுசனால எந்திரிக்க முடியாது. குளத்தங்கரைய விட்டு நகர முடியாது. சரி. அப்ப அவருக்குச் சோறு யாரு போட்டா?”

நான் வேதப்புத்தகத்தைப் பார்த்தேன். அதில் எழுதியிருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

“இத்தன வருசம் ஒரு ஆளு உசுரோட இருக்கணும்னா சோறு வந்திருக்கணும்லா? துணி மாத்தி விட்டிருக்கணும். வெளிய தெருவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். அத ஒரு ஆளு செஞ்சிருக்காவ. இவரு என்னடான்னா, கேட்டதும் எனக்கு ஒருத்தரும் இல்லங்காரு. சோறு கொண்டு வந்த ஆளு அந்நேரம் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா என்ன நெனச்சிருக்கும்?”

பாய் இதை எனக்குப் புத்தி சொல்வதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே சந்தேகம். சவுதியில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு இருந்தவர் அவர். யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்பதைத் தீர்க்காமல் அவரால் ஒரு கதைக்குள் போக முடியவில்லை.

“எவளாவது இருந்திருப்பா” என்று குரல் கேட்டது. என் மனைவி சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். “எழுதுனவருக்குத் தெரிஞ்சிருக்காது.”

சொல்லிவிட்டு மீனைப் பார்க்கப் போய்விட்டாள். பாயும் எழுந்து, சவாரி இருக்கிறது என்று போனார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது அவள் என் எதிரில் உட்கார்ந்து மீனை எடுத்து முள் பார்த்தாள். இடது கையால் எனக்கு முள் எடுக்க வராது. விரலால் தடவித் தடவிப் பார்த்து, சதையை மட்டும் என் தட்டில் வைத்தாள். நான் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டேன். அவளுடைய தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. இது தினமும் நடப்பதுதான். நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து நான் தொண்டையில் முள் சிக்காமல் மீன் சாப்பிட்டிருக்கிறேன். அதை ஒரு செய்தியாக நான் எடுத்துக்கொண்டதே இல்லை. ‘நமக்குன்னு யாரு இருக்கா’ என்று நான் சொன்னபோதெல்லாம் அவள் காப்பித் தம்ளர்களோடு நின்ற இடம் எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

“காரமா?” என்றாள்.

“இல்ல. நல்லாருக்கு.”

“பொறவு ஏன் முழிச்சிக்கிட்டு இருக்கிய?”

நான் நேராகவே சொன்னேன். “வந்தவங்ககிட்ட யாரும் இல்ல யாரும் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்லா. உனக்கு என்னமோ மாதிரி இருந்திருக்கும்.”

அவள் அடுத்த துண்டை எடுத்தாள். “இருந்துச்சு” என்றாள். முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். “அதுக்குன்னு காப்பி போடாம இருக்க முடியுமா? உங்களுக்கு இப்ப என்னதான் வேணும்? சொல்லுங்க. படிய, டைல்ஸ, நாய எல்லாம் சொல்லாம, வேணுங்கறத மட்டும் சொல்லுங்க.”

பிசியோதெரபி பெண் இவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுப் போகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு என்ன வேண்டும் என்று நான் கொஞ்ச நேரம் தேடினேன். கிடைத்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. “ஐந்தருவியில குளிக்கணும்” என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சீசனில் ஜனங்களை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடுவதுதான் என் வேலை. அவர்கள் குளித்துத் தலை சொட்டச் சொட்டத் திரும்பி ஏறுவார்கள். சீட்டெல்லாம் ஈரமாகும். நான் ஸ்டியரிங்கில் இருப்பேன். மூக்குக்கு நேராகச் சாரல் அடிக்கிற ஊரில் வீடு கட்டிக்கொண்டு, சீசனில் ஆற அமர அருவியில் நின்றது கல்யாணத்துக்கு முன்னால்தான்.

அவள் யோசிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், எதிர்வீட்டைப் பார்த்து, “அண்ணன் சவாரி முடிஞ்சு வந்ததும் ஒரு எட்டு வரச் சொல்லுங்க” என்று பாய் வீட்டம்மாவிடம் சொன்னாள்.

ஆனியில் சாரல் நன்றாகப் பிடித்த பிறகு ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் போனோம். திங்கட்கிழமை கூட்டம் இருக்காது என்பது பாயின் கணக்கு. அது தமிழ்நாட்டில் இன்னும் பல பேருடைய கணக்காகவும் இருந்தது. கார் நிறுத்தும் இடத்திலிருந்தே எண்ணெய் வாசனை. இரண்டு பக்கமும் கடைகளில் சிப்ஸ், மங்குஸ்தான், ஈரத் துண்டுகள். ஒரு குரங்கு என் ஊன்றுகோலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பிடக்கூடியது இல்லை என்று தெரிந்துகொண்டு போய்விட்டது.

ஐந்தருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பிரியும் இடத்தில் என் மனைவி பாயிடம், “வலது பக்கமா நில்லுங்க, அந்தக் கால்தான் மடங்கும். தலையில நேரா தண்ணி விழ வேண்டாம். ரொம்ப நேரம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, என்னிடம் எதுவும் சொல்லாமல் போனாள்.

ஆண்கள் பக்கம், குளத்தங்கரைக் கதை அப்படியே நடந்துகொண்டிருந்தது. பாய் என்னைப் பிடித்துக்கொண்டு ஓர் இடைவெளியைப் பார்த்து நகர்வார். நாங்கள் ஓரடி வைப்பதற்குள் ஒரு கல்லூரிக் கூட்டம் அதில் புகுந்துவிடும். அடுத்த இடைவெளி. அதில் உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க ஒரு பெரிய மனிதர் வந்து நின்றுவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு தூரம் ஒத்துப்போகிறதே என்றுதான் இருந்தது. எண்ணெய் மனிதர் திரும்பி என் காலைப் பார்த்தார். “வாங்க சார், வாங்க” என்று என் இடது தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவர் கை வழுக்கியது. மறுபடியும் பிடித்தார்.

தண்ணீர் முதுகில் விழுந்தது. குளிர் எலும்பு வரை போயிற்று. வலது தோளில் விழுந்ததும் எனக்குத் தெரிந்தது. மரத்துப் போன இடத்தில் யாரோ தூரத்திலிருந்து தட்டுகிற மாதிரி இருந்தது. நான் கத்தினேன் என்று பாய் பிறகு சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

அப்போது விசில் அடித்தது. மேலே மழை, தண்ணீர் கூடுகிறது, எல்லாரும் வெளியே வாருங்கள் என்று போலீஸ்காரர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். இத்தனை பேர் இவ்வளவு சீக்கிரம் காலியாக முடியும் என்று நான் நினைத்ததில்லை. கல்லூரிக் கூட்டம் போனது. எண்ணெய் மனிதர் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனார். அருவியின் கீழே நானும் பாயும் மட்டும்.

“பெரியவரே, வெளிய வாங்க! தண்ணி கூடுது!”

“வந்துக்கிட்டுதான் இருக்கேன்!”

“சீக்கிரம் வாங்க!”

“இதுதான் சீக்கிரம்!”

பொய் இல்லை. நான் கால் எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன். என் கால் ஓரடி வைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், இடிக்கவும் தள்ளவும் ஆளில்லாமல், முழு அருவியும் எங்கள் மேல் விழுந்தது. தெரிந்தே குளித்தேன் என்று சொல்ல முடியாது. பெதஸ்தாவில் முதலில் இறங்குகிறவருக்குத்தான் பலன். இங்கே கடைசியில் வெளியே வருகிறவனுக்கும் கொஞ்சம் வைத்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் ஆண்டவர் எங்கே இருந்தார் என்று கேட்டால், எனக்கு வலது பக்கமாக நின்று என் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்று சொல்வேன். பாயிடம் இதைச் சொல்லவில்லை. அவர் மார்க்கத்தில் அப்படிச் சொல்வது சரியாக இருக்காது.

போலீஸ்காரரும் எண்ணெய் மனிதரும் இறங்கி வந்து என்னை அப்படியே தூக்கி வெளியே வைத்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி ஈரச் சேலையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

“எல்லாரும் வெளிய வந்தாச்சு, உங்களக் காணும்னு நான் அங்கன கெடந்து தவிக்கேன். என்ன செஞ்சிய இவ்வளவு நேரம்?”

“குளிச்சேன்.”

அவள் அழுதாள். பிறகு பாயைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் தலையை அழுத்தித் துவட்டினாள், காது எரிகிற அளவுக்கு.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. என் கால் அன்று இருந்த மாதிரிதான் மறுநாளும் இருந்தது. ஆனால் அடுத்த தடவை பிசியோதெரபி பெண் கேட்டபோது, “ஆமா, நடக்கணும்” என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, தேவையில்லாமல் என் கால் கட்டை விரலை அழுத்தினாள். ஐப்பசி வாக்கில் ஊன்றுகோலோடு தெருமுனைக் கடை வரை போய்வர ஆரம்பித்தேன். நாய் ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் சோற்றைப் பற்றிச் சொன்னேன். குளத்தங்கரையில் ஓர் ஆள் தினமும் சாப்பாடு கொண்டு வந்திருக்க வேண்டும், அந்த ஆளின் பெயர் நமக்குத் தெரியாது, நம் ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஆள் இருக்கலாம் என்றேன்.  உபதேசியார் தொண்டையைச் செருமினார்.

“நல்ல சிந்தனைதான் அய்யா. ஆனா வசனத்துல இல்லாதத நாம சேக்கக் கூடாது. அந்த ஆளு அத்தன வருசமும் குளத்தங்கரையிலேயே கெடந்தாருன்னும் எழுதல. வியாதி அத்தன வருசம், அவ்வளவுதான்.”

“வீட்டுல கெடந்தாலும் சோறு வேணும்லா அய்யா” என்றார் தலைமையாசிரியரின் மனைவி. பொதுவாக அந்த அம்மா ஜெபக்கூட்டத்தில் பேச மாட்டார். தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார்.

கார்த்திகை மழையில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க முடியாத காய்ச்சல். பாய் வீட்டில் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்காகக் கடையநல்லூர் போயிருந்தார்கள். நான் கஞ்சி வைத்தேன். குக்கர் மூடியை ஒரு கையால் பூட்ட முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சாதாரணப் பாத்திரத்தில் அரிசியைப் போட்டு, குழையும் வரை பக்கத்தில் நின்றேன். கஞ்சி தயாரானதும் வேறொரு சிக்கல். இடது கையில் ஊன்றுகோல். கஞ்சியைப் பிடிக்கக் கை இல்லை. சமையலறையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டே அவள் படுத்திருந்த அறைக்குப் போனேன். ஊன்றுகோலும் தேவைப்படவில்லை. பாதிக் கஞ்சி நாற்காலியில் இருந்தது. மீதியை அவள் குடித்தாள். உப்பு இல்லை என்றாள். உப்பு எடுக்க இன்னொரு தடவை நாற்காலியைத் தள்ளினேன்.

இரண்டு நாள் இப்படிப் போனது. காய்ச்சல் விட்ட காலையில் அவள் எழுந்து நேராக அடுப்பங்கரைக்கு வந்தாள். நான் டீக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தேன்.

“நகருங்க, நான் பாத்துக்கிடுதேன்.”

எனக்கு அப்போது இயேசுவின் சீஷரான பேதுருவின் மாமியார் ஞாபகம் வந்தார். அவருக்கும் காய்ச்சல். இயேசு கையைப் பிடித்ததும் காய்ச்சல் விட்டது. உடனே அந்த அம்மா எழுந்து வந்திருந்த எல்லாருக்கும் பணிவிடை செய்தார் என்று இருக்கிறது. எத்தனையோ தடவை கேட்ட பகுதி. நல்ல சாட்சி என்றுதான் பிரசங்கத்தில் சொல்வார்கள். நான் அதை அவளிடம் சொன்னேன்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள். கண்ணுக்குக் கீழே இன்னும் கருப்பாக இருந்தது.

“வந்திருந்த அத்தன ஆம்பளையில, அந்த அம்மாட்ட இன்னைக்கு ஒருநா ஒக்காருன்னு யாராவது சொன்னாவளா?”

“அப்படி எழுதல.”

“அப்ப நீங்க சொல்லுங்க.”

“ஒக்காரு.”

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பால் பொங்கியது. நான் இடது கையால் கேஸ் குமிழைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுப்பு முழுக்க வழிந்தது. அவள் அதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.